ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) சீவ கரண்ட் ஸ்லைசர்: வீட்டில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

தக்கலைக்காரி:
மைனியின் (அண்ணியின்) மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்லைசர் அது. ஓணத்துக்கு முந்தின நாள்தான் டப்பாவைப் பிரித்தோம். (1956-ல் எங்கள் கன்னியாகுமரி ஜில்லா திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தாலும், எங்கள் வீட்டில் உப்பேரி என்கிற ஏத்தங்காய் சிப்ஸ் வைக்காமல் ஓணத்துக்கு இலை போட மாட்டார்கள். ஜில்லாவுக்கே அன்றைக்கு லீவுதானே.) சீவியதில் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கனத்தில், சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் வந்து விழுந்தது. அள்ளி எண்ணெயில் போட்டதும்தான் வினை. காயின் கறையில் ஒட்டிக்கொண்டு கட்டிகட்டியாக மிதக்கிறது. வெளியே பொன்னிறம், நடுவில் பச்சை மாவு. மாமியார் கண்ணாப்பையால் குத்திக் குத்திப் பிரித்துப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்றும் பேசாமல் பழைய சீவுபலகையை எடுத்துவந்து, சட்டிக்கு மேலேயே பிடித்துச் சீவ ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்து பிரிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மைனி போன் பண்ணும்போதெல்லாம் "மிஷின் எப்படி?" என்கிறார்கள். வைத்துக்கொள்ளவா, கொடுத்துவிடவா?

அருமனை பையன்:
அக்கா, கறை ஒட்டினதுக்கு மிஷின் என்ன செய்யும்? அது இறைச்சிக்கும் ரொட்டிக்கும் செய்தது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் எலும்பில்லாத பீஃபை ஃப்ரீசரில் வைத்து, பாதி உறைந்ததும் எடுத்துச் சீவினோம். தாள் தாளாக வந்தது. தேங்காய்க்கொத்து போட்டு வறுத்தபோது அப்பா அடுப்படியை விட்டு நகரவே இல்லை. கத்தியில் அந்த மெல்லிசு வரவே வராது. ஏத்தங்காயை வைத்து அதை எடைபோடாதீர்கள்.

வடசேரி அண்ணாச்சி:
பக்கத்து வீட்டுப் பிள்ளை மிஷினைத் துடைக்கும்போது விரலை அறுத்துக்கொண்டு ஓடிவந்தது. பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தது. ஓடாத பிளேடும் அறுக்கும் என்று யார் சொல்லிக் கொடுப்பது? அதனால் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். கன அளவுத் திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள், அப்போதுதான் பிளேடின் விளிம்பு மறையும். துடைப்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும், விளிம்போடு சேர்த்து இழுக்கவே கூடாது. பிளேடு கழற்றும் மாடல் என்றால் கழற்றிக் கழுவுங்கள், மோட்டார் பக்கம் தண்ணீர் படக்கூடாது. காய் கட்டையாகிவிட்டால் கையால் தள்ளாதீர்கள், தள்ளுவதற்கென்று கூடவே பிடி தந்திருப்பார்கள். வீட்டு மாடல் பலதும் 150 வாட்ஸ், 200 வாட்ஸ்தான். ஒரே மூச்சில் குலை குலையாகச் சீவினால் மோட்டார் சூடாகும், நடுவில் ஆறவிட வேண்டும், எத்தனை நிமிடம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். கறைக்குப் பிளேடில் லேசாகத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். காயை மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுங்கள். தொலியைத் தூரப் போடாதீர்கள், பயறு போட்டுத் துவரன் (பொரியல்) வைக்கலாம்.

கருங்கல் டீச்சர்:
அண்ணாச்சி, துவரன் வைப்பது எப்படி என்று இங்கே யாரும் கேட்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் போட்டதை ஈரத்தோடு சட்டியில் போட்டால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழியும், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தம்பி சொல்வதில் பாதிதான் சரி. காய்க்கும் அது ஆகும், எந்தக் காய் என்பதுதான் விஷயம். அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வலி, அரிவாள்மனையில் உட்காரவே முடியாது. பாவற்காய்க் கொண்டாட்டம் (வற்றல்) போடுவதையே விட்டிருந்தார்கள். இந்த மிஷினில் சீவிப் பாயில் பரப்பினோம். சாயங்காலம் அம்மா ஒவ்வொரு வளையமாக வளைத்துப் பார்க்கிறார்கள், எல்லாம் ஒரே பதமாகக் காய்ந்திருக்கிறது. கையால் அரிந்தால் மெல்லிசு முறுகிக் கிடக்கும், கனமானது நடுவில் ஈரம் நிற்கும், பூசணம் பிடிக்கும். இனி மிஷினைக் கழுவுவது என் வேலை, அம்மா அதன் பக்கமே போவதில்லை. மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) மட்டும் முயற்சி வேண்டாம், கோணல் கிழங்கு தட்டில் உட்காராது.

தக்கலைக்காரி:
டீச்சர், எங்கள் வீட்டில் பாவற்காய் யாரும் தின்ன மாட்டார்கள். பீஃபும் கிடையாது. ரொட்டி வாங்கும்போதே பேக்கரியில் வெட்டித் தருகிறார்கள். அண்ணாச்சி சொன்ன மாதிரி ஆறவிட்டு ஆறவிட்டுச் சீவுவதற்குள் மாமியார் ஒரு குலையை முடித்துவிடுவார்கள்.

சாமியார்மடம்:
கொடுப்பதானால் சொல்லுங்கள் அக்கா. பக்கத்தில்தான் இருக்கிறேன், பைக்கில் வந்து எடுத்துக்கொள்கிறேன். மைனியிடம் என்ன சொல்வது என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.