டெபியன் 13க்கு மாறியதும் டவ்காட் கிளம்பவில்லை: பழைய கான்ஃபிக் கோப்புகளை அழிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலக மெயில் சர்வரை நேற்று இரவு டெபியன் லினக்ஸ் 12இலிருந்து 13க்கு மாற்றினேன். பழைய கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பு இருக்கட்டுமா, புதியதைப் போடட்டுமா என்று கேட்ட இடத்திலெல்லாம் பழையதே போதும் என்று கொடுத்துவிட்டேன். இப்போது டவ்காட் (பயனர்கள் தங்கள் மெயிலைப் படிக்க உதவும் சர்வர் நிரல்) கிளம்பவில்லை. முதல் வரியில் கான்ஃபிக் பதிப்பு எண் வேண்டும் என்கிறது. அடைவு முழுக்க ‘டிஸ்ட்’, ‘ஓல்டு’ என்று முடியும் கோப்புகள். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? காலையிலிருந்து யாருக்கும் மெயில் வரவில்லை. பயமாக இருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் நிரல் ஓடுகிறதா? அப்படியென்றால் சேர்க்க முடியாத மெயில் வரிசையில் காத்திருக்கும். நீங்கள் மாற்றாத வரை 5 நாள் முயன்றுகொண்டே இருக்கும். அதனால் நிதானமாகவே செய்யலாம்.

சிக்கல் அந்தக் கோப்புகளால் வரவில்லை. டவ்காட் அந்த அடைவில் ‘.கான்ஃப்’ என்று முடிபவற்றை மட்டும்தான் படிக்கும். டெபியன் 12இல் இருந்தது டவ்காட் 2.3, 13இல் வருவது 2.4. பழைய கான்ஃபிக் புதியதில் அப்படியே ஓடாது. ‘டிஸ்ட்’ என்பவை நீங்கள் வேண்டாம் என்ற புதிய கோப்புகள். இப்போது தேவை அவைதான்! ‘ஓல்டு’ என்பவை உங்கள் பழையவை.

முதலில் அடைவு முழுவதையும் வேறிடத்தில் நகலெடுங்கள். அப்புறம் புதியவற்றை வைத்து, உங்கள் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கையால் சேருங்கள். மெயில் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லும் மெயில் லொகேஷன் என்ற ஒரே வரி இப்போது மெயில் டிரைவர், மெயில் பாத் என்று பிரிந்திருக்கிறது.

பதில் 2:
ஓர் இடத்தில் ரொம்பக் கவனம். மறையாக்கம் இல்லாத கடவுச்சொல்லைத் தடுக்கும் ‘டிசேபிள் பிளெயின்டெக்ஸ்ட் ஆத்’ என்பது, அதை அனுமதிக்கும் ‘ஆத் அலவ் கிளியர்டெக்ஸ்ட்’ ஆகியிருக்கிறது. பொருள் தலைகீழ். முன்பு ‘யெஸ்’ என்று இருந்தால் இப்போது ‘நோ’ என்று போட வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் போக வழி திறந்துவிடும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, இருவருக்கும் மிக்க நன்றி. புதியவற்றை வைத்த பிறகும் தெரியாத அமைப்பு என்று ஒரு பிழை வந்தது. செய்தியிலேயே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருந்தன. எப்போதோ நகலெடுத்த எஸ்எஸ்எல் (மறையாக்க) அமைப்புக் கோப்பு, பெயரில் ‘பேக்கப்’ இருந்தாலும் முடிவு ‘.கான்ஃப்’. இத்தனை நாளும் அதையும் சேர்த்தே படித்திருக்கிறது! அதை வெளியே எடுத்ததும் டவ்காட் கிளம்பியது. வரிசையில் நின்ற மெயிலும் வந்து சேர்ந்தது. மற்றவற்றை எப்போது அழிக்கலாம்?

பதில் 1:
டவ்காட்டின் அமைப்புகளைக் காட்டும் டவ்கான்ஃப் கட்டளையை ‘-என்’ சேர்த்து ஓட்டி, வரும் ஒவ்வொரு வரியும் உங்களுக்குத் தெரிந்ததுதானா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓடட்டும், பிறகு அழியுங்கள். நகலில் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்தால் ரூட் (நிர்வாகிக் கணக்கு) மட்டும் படிக்கும்படி வையுங்கள்.