டப்ளினில் காசில்லாமல் பார்த்தவை

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் கையைக் கடிப்பது தங்கும் செலவுதான். பலர் சேர்ந்து தூங்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு கட்டிலுக்கே வார இறுதியில் விலை எகிறிவிடும். ஆனால் அந்த ஊரின் பெரிய அருங்காட்சியகங்கள் இலவசம். கையில் இருப்பதைப் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டுத் தைரியமாகப் போகலாம்.

விமான நிலையத்திலேயே பஸ், டிராம் பயணத்துக்கான லீப் கார்டு வாங்கிக்கொண்டு 41ஆம் நம்பர் பஸ் ஏறினேன். கார்டைத் தட்டினால் 2 யூரோ. 90 நிமிடத்துக்குள் வேறு பஸ்ஸோ டிராமோ மாறினாலும் மேற்கொண்டு பிடிப்பதில்லை.

என்னை அதிகம் பாதித்தது கில்டேர் தெருவில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். 2003இல் ஆஃபலி பகுதிச் சதுப்பில் கிடைத்த ஓல்ட்குரோகன் மனிதரின் உடல் அங்கே இருக்கிறது. தலை இல்லை, இடுப்புக்குக் கீழும் இல்லை. பார்க்கச் சங்கடமாக இருந்ததால் நகரப் பார்த்தேன். அங்கே நின்ற வயதான காவலர், "கையை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். குனிந்து பார்த்தேன். 2,000 ஆண்டுக்கு மேலாகியும் நகங்கள் சீராக இருக்கின்றன. மேற்கையில் பின்னிய தோல் காப்பு. கடும் உழைப்பு பார்த்த கை இல்லை, பெரிய இடத்து ஆளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதை அவர்தான் சொன்னார். சதுப்பில் ஆக்ஸிஜன் குறைவு, அமிலம் அதிகம். அதனால்தான் உடல் அழுகவில்லையாம். அவர் அவசரமே படாமல் விளக்கியதை மறக்க முடியாது.

அப்புறம் மெரியன் சதுக்கத்தில் தேசிய ஓவியக்கூடம். இத்தாலிய ஓவியர் கராவாஜ்ஜோ 1602இல் வரைந்த 'கிறிஸ்து கைதாகுதல்' இங்கேதான் இருக்கிறது. டப்ளின் இயேசு சபையினரின் சாப்பாட்டு அறையில் வேறோர் ஓவியர் வரைந்ததாகக் கருதப்பட்டுப் பல காலம் தொங்கியதை 1990இல்தான் அடையாளம் கண்டார்கள். வலது ஓரத்தில் லாந்தரைத் தூக்கிப் பிடித்திருப்பவர் ஓவியரேதான் என்கிறார்கள். அந்த முகத்துக்காகவே இரண்டாம் முறையும் உள்ளே போனேன்.

மதுக்கூடங்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியை நடந்து பார்த்தால் போதும், சாப்பாடு அங்கே வேண்டாம். சூப்பர் மார்க்கெட் சாண்ட்விச்சே வயிற்றுக்கும் பைக்கும் நல்லது.

தொல்லியல் அருங்காட்சியகம் ஞாயிறும் திங்களும் மதியம் 1 மணிக்குத்தான் திறக்கும். அந்த நாட்களில் காலையிலேயே டார்ட் ரயிலில் ஹோத் என்ற ஊருக்குப் போய்க் கடலோரப் பாறைமேட்டில் நடந்துவிட்டு வாருங்கள். அங்கேயும் டிக்கெட் கிடையாது. காற்று பலமாக வீசும், குடையைவிட மழைக்கோட்டுதான் உதவும்.