காயம்பட்ட தனியன் பன்றி: சின்னையாவுக்கு நடந்தது

பன்றி வேட்டையில் ஆள் காயப்பட்ட கதையை இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பக்கத்தில் யார் சொன்னாலும், ‘பன்றி வன்மம் வைத்து வெட்டிப்போட்டது’ என்றுதான் முடிப்பார்கள். என் சின்னையாவைத் தனியன் பன்றியொன்று, அதாவது கூட்டத்தைவிட்டுத் தனியே திரியும் ஆண் பன்றியொன்று, வெட்டியபோது நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். அன்று கண்டதையும், அதன் பிறகு பழைய வேட்டைக்காரர்களிடம் கேட்டு அறிந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பன்றிக்கு யார்மீதும் பகை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குத் திறந்திருந்த ஒரே வழியில் சின்னையா நின்றார் என்பதே என் கருத்து.

இது 1970களின் பிற்பகுதியில், முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் உள்ள வயல்வெளியில் நடந்தது. மாரிக்கால விதைப்பான காலபோக நெல் பால்பிடித்து முற்றத் தொடங்கியிருந்த தை மாதம். அந்தப் பருவத்தில் பன்றி தின்று அழிப்பதைவிட உழக்கி அழிப்பதே அதிகம். ஓர் இரவில் ஒரு கூட்டம் இறங்கினால், மறுநாள் காலையில் வரம்போடு வரம்பாக நெல் சேற்றில் சாய்ந்து கிடக்கும். காவற்கொட்டிலில் தீ மூட்டி, தகரம் தட்டி, விடியும்வரை கத்திக்கொண்டிருந்தும் பயனில்லாமல் போன குடும்பங்களின் கோபத்தை நான் அறிவேன். ஆகவே அன்று துவக்கு (துப்பாக்கி) எடுத்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை.

எங்கள் பகுதியில் அப்போது புழங்கியது பெரும்பாலும் இடியன் துவக்குத்தான். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தென்னந்தும்பை அடைத்துக் கம்பியால் இடித்து, சிறு குண்டுகளான சன்னங்களைப் போட்டு, மீண்டும் தும்பு அடைத்து, கடைசியில் தட்டினால் தீப்பற்றும் கேப்பு வைத்த பிறகே அது ஒரு வெடிக்குத் தயாராகும். அந்த ஒரு வெடி பிழைத்தால், அடுத்ததற்கு ஆயத்தமாவதற்குள் பன்றி எத்தனையோ தடவை ஆளைக் கடந்து போய்விடும். இதைச் சின்னையா எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்.

இரவு வெடி வைத்தவர் பக்கத்து வயற்காரர். இருட்டில், வரம்போரமாக, பன்றியின் பக்கவாட்டில் சுட்டிருக்கிறார். பன்றி விழவில்லை, வாய்க்காலைக் கடந்து காட்டுக்குள் போய்விட்டது. காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிடக் கூடாது, அது வேதனைப்பட்டுச் சாகும், அல்லது விறகுக்குப் போகும் பெண்களின்மீது பாயும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது சரியான பேச்சு. விடிந்ததும் சின்னையா துவக்கோடும் மூன்று நாய்களோடும் புறப்பட்டார். வயற்காரர்கள் சிலர் கத்தி, கோடரியோடு சேர்ந்துகொண்டார்கள். நானும் பின்னால் போனேன்.

தடம் பார்ப்பது எப்படி என்பதை அன்று காலைதான் நான் முதன்முதலாக அருகிலிருந்து கண்டேன். புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடக்க, பன்றி போன இடத்தில் மட்டும் பனி உதிர்ந்து, கரும்பச்சையாய் ஒரு கோடு காட்டுக்குள் ஓடியது. சின்னையா அந்தக் கோட்டைவிட்டு விலகி நடந்து, பக்கத்து இலைகளையே பார்த்துக்கொண்டு போனார். இரத்தம் நிலத்தில் சொட்டாமல், முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, இடப்பக்கத்து இலைகளில் தேய்ந்திருந்தது. ஓர் இலையைக் கிள்ளி மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரத்தம் கறுத்திருந்தது, அதில் அரைபட்ட நெல்லின் பச்சைத் துணுக்கும் புளித்த நாற்றமும் இருந்தன. “குடலில பட்டிருக்கு தம்பி. இது லேசில சாகாது” என்றார். நுரையீரலில் பட்டால் இரத்தம் நுரைத்துச் சிவப்பாக இருக்கும், அந்தப் பன்றி அதிக தூரம் போகாது; குடலில் பட்டது பல மணிநேரம் உயிரோடும் பலத்தோடும் கிடக்கும் என்று விளக்கினார். வெயில் ஏறும்வரை இருந்து, அது படுத்து உடல் இறுகிய பிறகு போவோம் என்று சொல்லியும் பார்த்தார். கூட வந்தவர்களுக்குப் பொறுமை இல்லை.

தடம் ஓர் ஈச்சம்பற்றைக்குள் நுழைந்தது. பாலை மரங்களுக்கும் வீரை மரங்களுக்கும் நடுவே, ஆள் நிமிர்ந்து நடக்க முடியாத அடர்ந்த பற்றை அது. ஒரு பக்கம் வாய்க்காற்கரை. அங்கே கத்தியோடு ஆட்கள் நின்றார்கள். இன்னொரு பக்கம் சத்தம் போட்டுக்கொண்டு இருவர். நாய்கள் பின்பக்கமாக உள்ளே போயின. எஞ்சியிருந்தது, பன்றிகள் நாளாந்தம் வந்து போய்த் தேய்த்து வைத்திருந்த ஒரு குடைவு வழி மட்டுமே. வெடி வைப்பதற்கு வேறெங்கும் வெளி இல்லாததால், சின்னையா அந்த வாயின் முன்னே முழங்காலிட்டார்.

ஓடும் பன்றியின் பின்னால் போகும்போது நாய் குரைப்பது ஒரு மாதிரி, நின்ற பன்றியைச் சுற்றிக்கொண்டு குரைப்பது வேறு மாதிரி. திடீரென்று குரைப்பு ஓரிடத்தில் நின்று, இடைவிடாமல் ஒலித்தது. அதற்கு நடுவே, கல்லோடு கல் உரசுவதுபோல் ஓர் ஓசை கேட்டது. பன்றி தாடையை அடித்துக்கொள்ளும் ஓசை அது என்று பின்னர் சொன்னார்கள். ஆண் பன்றியின் கீழ்க்கோரைப் பல் மேற்பல்லோடு ஓயாமல் உரசுவதால், அதன் ஓரம் கூர் மழுங்காமல் எப்போதும் தீட்டியபடியே இருக்கும். கடிப்பதற்கல்ல, தலையைத் தாழ்த்தி வந்து மேல்நோக்கி வீசி வெட்டுவதற்கே அந்தப் பல் பயன்படுகிறது. பன்றியின் உயரத்துக்கு அந்த வீச்சு மனிதனின் தொடையில்தான் விழும். தொடையின் உட்பக்கத்தில் பெரிய நாடி (இரத்தக் குழாய்) ஓடுகிறது. அது அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பன்றி வெட்டி இறந்தவர்களில் பலர் அப்படித்தான் இறந்தார்கள்.

ஒரு நாய் வீறிட்டது. அடுத்த கணம் ஈச்சம் ஓலைகள் பிளந்தன. முதுகு மயிரெல்லாம் சிலிர்த்து நிற்க, வாயில் வெண்நுரையோடு அது வெளியே வந்தது. சின்னையா சுட்டார். புகைக்குள் வேறெதையும் நான் காணவில்லை. புகை விலகியபோது அவர் மல்லாந்து கிடந்தார். சாரம் கிழிந்து, வலத்தொடையில் முழங்காலுக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்குத் தசை திறந்திருந்தது. பன்றி நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, எங்களைத் தாண்டி, தன் பழைய வழியிலேயே வாய்க்காலை நோக்கி ஓடிப்போயிற்று. வன்மம் என்ற பேச்சை நான் மறுப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். விழுந்து கிடந்த மனிதர் அதன் பல்லுக்கு எட்டும் தூரத்தில், கையில் ஒன்றுமில்லாமல் கிடந்தார். அதற்கு வேண்டியிருந்ததோ வெளியேறும் வழி மட்டுமே.

அன்று மாலையே அதை வாய்க்காற் சேற்றில் செத்துக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். உரித்தவர் எனக்குக் காட்டிய ஒன்றை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின் இருபுறமும் தோலுக்கடியில் இறுகித் தடித்த ஒரு திசுப்படலம் உண்டு. இணைசேரும் காலத்தில் ஆண்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்போது உயிரைக் காப்பது அதுவே. சின்னையாவின் சன்னங்கள் பெரும்பாலும் அதிலேயே தங்கியிருந்தன. குறி தவறவில்லை, இடியன் துவக்கின் சன்னத்துக்கு, நேரெதிரே பாய்ந்துவரும் தனியன் பன்றியை நிறுத்தும் பலம் இல்லை என்பதே உண்மை.

காயத்தைப் பற்றியும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் உயிர் தங்குகிறது. ஒருவர் கோப்பித்தூள் கொண்டுவர ஓடினார். காயத்தில் அதைத் திணிப்பது எங்கள் ஊர் வழக்கம். பெரியம்மா அதைத் தடுத்து, துவைத்த வேட்டியொன்றை மடித்துக் காயத்துக்குள் வைத்து, இரு கைகளாலும் உடற்பாரத்தைக் கொடுத்து அழுத்திக்கொண்டார். முல்லைத்தீவு ஆசுபத்திரி போய்ச் சேரும்வரை, உழவுயந்திரப் பெட்டிக்குள் குந்தியிருந்தபடி, எட்டிப் பார்ப்பதற்காகக்கூட அவர் கையை எடுக்கவில்லை. தொடையின் பெரிய நாடி தப்பியிருந்தது. மருத்துவர் காயத்தை உடனே தைக்காமல் நன்றாகக் கழுவித் திறந்தபடியே வைத்திருந்து, அழுகல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே சில நாள் கழித்துத் தைத்தார். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசியும் போட்டார். சேற்றில் புரளும் விலங்கின் பல்லில் பட்ட காயத்தை அவசரப்பட்டு மூடினால் உள்ளே சீழ் வைக்கும் என்பதை அப்போது அறிந்தோம். இன்று இப்படி நேர்ந்தால் விசர் நோய் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் தவறாமல் கேட்க வேண்டும்.

எல்லாப் பன்றியும் இப்படி ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாங்குளம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், தான் கட்டிவைத்த கட்டுத்துவக்கை, அதாவது விலங்கின் வழியில் இழுத்துக் கட்டிய கம்பியில் கால் தட்டினால் தானே வெடிக்கும் துவக்கை, பார்க்க விடியற்காலையில் போனபோது, முன்கால் முறிந்த பன்றியொன்று அங்கேயே கிடந்து, மூன்று காலில் எழுந்து அவரைத் துரத்தியது. அவர் வீரை மரமொன்றில் ஏறித் தப்பினார். பன்றியோ அடிமரத்தைச் சுற்றியபடி நெடுநேரம் நின்றதாம். ஓட முடியாத விலங்கு நின்று போராடுகிறது. கட்டுத்துவக்கை நான் வேட்டை என்றே கணக்கில் எடுப்பதில்லை. கம்பியைத் தட்டுவது பன்றியின் காலா, மாடு தேடிப் போன சிறுவனின் காலா என்று அதற்குத் தெரியாது. அதனால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் வன்னியில் இன்றும் இருக்கிறார்கள்.

சின்னையா பிறகும் தடம் பார்க்கப் போனார், சற்றுக் காலை இழுத்துக்கொண்டு. இலையில் நெல்லின் பச்சையைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். வெயில் உச்சிக்கு வரும்வரை யார் அவசரப்படுத்தினாலும் எழும்ப மாட்டார். பற்றையைச் சுற்றி ஆள் நிறுத்தும்போதும் பன்றியின் வழியை மறிக்காமல், பக்கத்து மரத்தின் பின்னால் நின்று சுடவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். இதே காடுகளில் கரடியிடம் அகப்பட்டவர்களின் அனுபவம் வேறு; கரடி முகத்தையும் தலையையும் குறிவைக்கும், அதனிடம் மரமேறியும் தப்ப முடியாது. அப்படி அகப்பட்டு மீண்டவர்களோ, அவர்களைச் சுமந்து வந்தவர்களோ இதை வாசிப்பவர்களில் இருந்தால், கரடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அதற்குமுன் ஏதாவது ஒலி எழுப்பியதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.