சர்ப்ளஸ் சஸ்தாவா எம்57 பிஸ்டல்: வாங்கும்போது எதைப் பார்க்கணும், எப்படிச் சுட்டுப் பார்க்கணும்?

புதுவரவு:
அமெரிக்காவில், லைசென்ஸ் உள்ள கடையில், யூகோஸ்லாவிய ராணுவம் கழிச்ச (சர்ப்ளஸ்) எம்57 பிஸ்டல் விலைக்கு வந்திருக்கு. தோட்டா 7.62x25. கடையிலேயே எதையெல்லாம் சோதிக்கலாம்? மேகசின் (தோட்டா அடுக்கற பெட்டி) ஒண்ணுதான் தர்றாங்க. இதுக்கு மூலமான ரஷ்ய டோக்கரெவ் பிஸ்டலோட மேகசின் சேருமா?

பட்டறைக்காரர்:
சேராது. டோக்கரெவ்ல 8 தோட்டா, எம்57-ல 9. பிடியே நீளம், அதனால மேகசினும் வேற. ரெண்டாவது மேகசினை இப்பவே பேசி வாங்கிடுங்க.

முதல்ல சேம்பர் (குழலோட பின்பக்கம் தோட்டா உட்காருற இடம்) காலியான்னு கண்ணால பார்த்து, விரலாலயும் தொட்டுப் பாருங்க. காலி மேகசினைப் போட்டுட்டுதான் டிரிக்கரைச் சோதிக்கணும். மேகசின் இல்லாம இது அடிக்காது. அது பழுதுன்னு நினைச்சு நல்ல பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்கிறவங்க உண்டு. ஹாமரை (பின்னால இருக்கிற சுத்தியலை) ஏத்தி, பின்னாலிருந்து கட்டைவிரலால நல்லா தள்ளுங்க. விழுந்தா வேண்டாம். குழலுக்குள்ள லைட் அடிச்சுப் பாருங்க: லேசான மங்கல் பரவாயில்லை, உள்ளே சுருளா ஓடுற வரிப்பள்ளம் தேய்ஞ்சிருந்தா விட்டுடுங்க.

எண்ணெய்க்கை:
வீட்டுக்கு வந்ததும் காஸ்மோலினை (துருப்பிடிக்காம இருக்கப் பூசி வைக்கிற கெட்டிக் கிரீஸ்) எடுக்கிறதுதான் பெரிய வேலை. வலப்பக்கத்துல இருக்கிற கிளிப்பை மேகசின் அடித்தகட்டால பின்னால தள்ளி, ஸ்லைடு ஸ்டாப்பை (குறுக்கே போற கம்பி) உருவினா ஸ்லைடு (மேல முன்னும் பின்னும் ஓடுற பாகம்) முன்னால வந்துடும். பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிட்டு, ஸ்லைடை மினரல் ஸ்பிரிட்ல ஊறப்போடுங்க. ஃபயரிங் பின் (தோட்டாவோட பின்பக்கத்தைக் குத்துற ஊசி) ஓடுற துளையில பழைய கிரீஸ் இறுகிக் கிடந்தா ரெண்டு விதமா படுத்தும்: ஒண்ணு, அடி பலமில்லாம தோட்டா வெடிக்காது, இல்லேன்னா பின் முன்னாலயே சிக்கி, ஸ்லைடு மூடும்போதே வெடிக்கும். பின்னை அமுக்கி விட்டா டக்குனு திரும்பணும். மந்தமா வந்தா மறுபடி ஊறல்.

பட்டறைக்காரர்:
ரேஞ்சில முதல் தடவை ஒரே தோட்டா. அடுத்து ரெண்டு. அதுக்கப்புறம்தான் முழு மேகசின். தேய்ஞ்ச சியர் (ஹாமரைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி) இருந்தா ஒரே இழுப்புல ரெண்டு வெடிக்கும். அப்போ மேகசின்ல 9 இருக்கக் கூடாது. வெடிக்கலைன்னா முனையை இலக்குப் பக்கமே வச்சு 30 விநாடி காத்திருங்க. ‘பொத்’துனு மட்டும் சத்தம் வந்தா அடுத்ததைச் சுடாதீங்க, குழல்ல குண்டு அடைச்சிருக்கலாம்.

எண்ணெய்க்கை:
பழைய ராணுவத் தோட்டாவோட பிரைமர் (பின்பக்கம் இருக்கிற பத்தவைக்கிற மருந்து) உப்பை விட்டுட்டுப் போகும், அது ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கும். அன்னைக்கே குழல், ஸ்லைடு முகம், மேகசின் எல்லாத்தையும் சுடுதண்ணில கழுவி, துடைச்சு, எண்ணெய் போடுங்க. கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேல இருக்கிற அம்மோனியாதான் உப்பை முறிக்கும்னு சொல்லுவாங்க. வேலை செய்யறது அதுல இருக்கிற தண்ணிதான். செல்லியர் அண்ட் பெல்லோ, பிபியு கம்பெனிங்க புதுசா போடுற 85 கிரெய்ன் (குண்டோட எடை) தோட்டாவில் இந்தத் தொல்லையே இல்லை.