நிலுவைச் சந்தாவா, நிலுவை வேண்டுகையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையவழித் தொலைபேசி அழைப்புகளுக்கான சிப் (SIP) நெறிமுறையில், ஒருவரின் நிலை மாறினால் தெரிவிக்குமாறு கேட்கும் 'சப்ஸ்கிரைப்' செய்திக்குச் 'சந்தா' என்றும், அதற்கான இசைவு முடிவாகாமல் நிற்கும் 'பெண்டிங்' நிலைக்கு 'நிலுவை' என்றும் தமிழ்க் கலைச்சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல சொற்கள்தாம். சேர்த்துச் சொல்லும்போது பொருள் கெட்டுவிடுகிறது. இங்கே மொரீஷியஸில் தமிழறிந்த ஒரு கோயில் சங்கப் பொருளாளரிடம் 'நிலுவைச் சந்தா' என்றால், யார் இன்னும் பணம் கட்டவில்லை என்றுதான் அவர் கேட்பார்.

இந்த இடத்தில் நெறிமுறையே ஒருமுறை தடுமாறியிருக்கிறது. 2002-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3265 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின்படி, சப்ஸ்கிரைப்புக்கு 200 என்ற எண்ணுள்ள மறுமொழி வந்தால் கோரிக்கை ஏற்கப்பட்டது, இசைவும் உண்டு. 'அக்செப்டட்' எனப்படும் 202 வந்தால் கோரிக்கை புரிந்துகொள்ளப்பட்டது, இசைவு கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். உண்மை நிலையை அடுத்து வரும் 'நோட்டிஃபை' என்ற அறிவிப்புச் செய்தியே சொல்லிவிடுவதால் இந்த வேறுபாட்டால் பயனில்லை என்று கண்டு, 2012-இல் ஆர்எஃப்சி 6665 202-ஐக் கைவிட்டது. பழைய கருவி எதுவும் அதை அனுப்பினால் 200 போலவே கொள்ளவேண்டும். ஆனால் அந்த 200-உம் இப்போது இசைவுக்குச் சான்று ஆகாது. அறிவிப்பு வரும்வரை, இயல்பான கணக்கில் 32 நொடி, பொறுத்திருப்பதே முறை.

இங்குள்ள எபேனில் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. வரவேற்பு மேசையிலிருந்த மென்பொருள், 202 வந்தவுடனே சக ஊழியர் ஒருவரின் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி வைத்துவிட்டது. அவரோ தம் இருப்பு நிலையைப் பார்க்க இசைவு தந்திருக்கவே இல்லை. அன்று அவர் விடுப்பில் இருந்தார். பச்சையை நம்பி மாற்றிய அழைப்புகள் எடுப்பாரின்றி அடித்து ஓய்ந்தன. 'அக்செப்டட்' என்பதற்கு 'ஏற்பு' என்று எழுதினால் தமிழில் நிரல் எழுதுவோரையும் நாம் இதே பிழைக்குள் தள்ளுவோம் என்று அஞ்சுகிறேன்.

'பெண்டிங்'குக்குக் 'காத்திருப்பு' என்ற மாற்றும் எனக்கு உடன்பாடில்லை. தொலைபேசியில் அது ஏற்கெனவே 'கால் வெயிட்டிங்'கைக் குறிக்கிறது. பிரெஞ்சு பழகிய எங்கள் பிள்ளைகளுக்கோ அது 'ஆன் அத்தான்த்', அதாவது பிடித்துவைக்கப்பட்ட அழைப்பு.

ஆகவே மாற்றவேண்டியது நிலுவையை அன்று, சந்தாவைத்தான். பணத்தோடு சேரும்போது பாக்கியைக் குறிக்கும் நிலுவை, மனுவோடும் வழக்கோடும் சேரும்போது முடிவு வராத நிலையைக் குறிக்கிறது. சப்ஸ்கிரைப் என்பதும் ஒருவகை மனுவே: 'நிலை மாறினால் எனக்குத் தெரிவியுங்கள்.' எனவே அதை 'வேண்டுகை' என்றும், பெண்டிங்கை 'நிலுவை வேண்டுகை' என்றும், அனுப்புபவரை 'வேண்டுநர்' என்றும் வழங்கலாம். 202-க்கு மனு அலுவலக வழக்கிலிருந்து 'ஒப்புகை' என்பதை எடுக்க முதலில் விரும்பினேன். ஆனால் சிப்பில் ஒப்புகையைக் குறிக்கும் 'ஆக்' (ACK) என்ற தனிச் செய்தி இருப்பதால் அச்சொல்லை அதற்கே விட்டுவிட்டு, 'பெறுகை மறுமொழி' என்கிறேன்.

வேண்டுகை முடிவுற்ற நிலைக்குச் சிப் தரும் காரணங்களில் இரண்டைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். 'ரிஜெக்டட்' என்பது 'இசைவு மறுப்பு', மீண்டும் கேட்கலாகாது. 'கிவ்அப்' என்பது உரிய காலத்தில் இசைவு பெற முடியாமல் போனது, மறுபடி கேட்கலாம். இதற்கு 'இசைவு எட்டாமை' என்று எழுதிவருகிறேன், ஆனால் மனம் நிறையவில்லை. 'காலம் கடந்தது' என்றால் 'டைம்அவுட்' என்ற வேறொரு காரணத்தோடு மோதும். இதைவிடச் சுருக்கமான சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.