‘எக்ஸ்பிடைட்’ (விரைவுபடுத்து) என்ற ஆங்கில வினையைக் கடிதத்தில் எப்படி எழுதுவது? உதவி தேவை

பாயான் லெப்பாஸ் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியை மலாயில் முடித்தவள் நான். அலுவலக ஆங்கிலத்தைப் பிறர் எழுதுவதைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டேன்.

சீனாவின் ஷென்ஜெனிலிருந்து கப்பலில் வரவேண்டிய பிளாஸ்டிக் தட்டுகளுக்கு, இறக்குமதி வரிச் சலுகைக்கான ‘ஃபார்ம் இ’ சான்றிதழ் ஒவ்வொரு முறையும் தாமதமாகவே வருவதால், இம்முறை முன்கூட்டியே நினைவூட்டலாம் என்று எண்ணி, ஆர்டர் எண்ணைத் தலைப்பில் போட்டு, ‘கைண்ட்லி எக்ஸ்பிடைட் ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். அவர்கள் சரக்கையே விமானத்தில் ஏற்றிவிட்டு, 2,300 ரிங்கிட் கூடுதல் கட்டணத்தை எங்கள் கணக்கில் எழுதிவிட்டார்கள். பெட்டிகள் எட்டு, ஒவ்வொன்றும் 9 கிலோதான், அளவு 60க்கு 50க்கு 50 சென்டிமீட்டர். நான் கேட்க நினைத்த சான்றிதழோ சரக்கு வந்து நான்கு நாள் கழித்துத்தான் கைக்குக் கிடைத்தது.

என் வாக்கியத்தில் எங்கே பிழை? அதை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

வணக்கம் அம்மா. உங்கள் வாக்கியத்தில் எதை விரைவுபடுத்த வேண்டும் என்பதே இல்லை. தமிழ் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றா வினை என்று படித்திருப்பீர்கள். ‘விரைந்தான்’ என்றால் பொருள் முடிந்துவிடுகிறது. ‘விரைவுபடுத்தினான்’ என்றால் ‘எதை?’ என்று கேட்கத் தோன்றுகிறது. ‘எக்ஸ்பிடைட்’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்த ‘எதை’ என்பதை நீங்கள் எழுதாமல் விட்டதால், தலைப்பில் இருந்த ஆர்டரையே அவர்கள் செயப்படுபொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

இச்சொல்லின் வேரை அறிந்துகொண்டால் இந்தப் பிழை திரும்ப வராது என்று நம்புகிறேன். லத்தீனில் ‘பெஸ்’ என்றால் கால். தளையில் சிக்கிய காலை விடுவிப்பதுதான் இவ்வினையின் மூலப்பொருள். காலைத் தளையில் மாட்டுவதைக் குறித்த சொல்லிலிருந்து, தடுப்பது என்னும் பொருளுடைய ‘இம்பீட்’ வந்தது. ஆகவே எழுதுவதற்கு முன், கால் எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வழக்கில் சிக்கியிருந்தது சரக்கு அன்று, சான்றிதழ். ‘எக்ஸ்பிடைட் தி இஷ்யூயன்ஸ் ஆஃப் ஃபார்ம் இ’, அதாவது ஃபார்ம் இ வழங்குவதை விரைவுபடுத்துங்கள் என்று எழுதியிருந்தால் போதும்.

இன்னும் சில. வேகம் அச்சொல்லுக்குள்ளேயே இருப்பதால், ‘எக்ஸ்பிடைட் ஃபாஸ்டர்’ என்று எழுதுவது விரைவாக விரைவுபடுத்தச் சொல்வதாகும். ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்பதற்குப் பதில் ஒரு தேதியைக் குறிப்பிடுங்கள். வேலையைத்தான் எக்ஸ்பிடைட் செய்ய முடியும், ஆளை அன்று. உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையான ‘எக்’கில் விழும், கடைசி அசை ‘டைட்’, ‘டிட்’ அன்று. ‘எக்ஸ்பீடியன்ட்’ என்ற உறவுச்சொல் அந்த நேரத்துக்கு அனுகூலமானது என்னும் பொருளைத் தருவது; விரைவு என்று எண்ணி அதைக் கடிதத்தில் போட்டுவிடாதீர்கள்.

பிறை, சரக்கு முகவர்:

ஆசிரியர் ஐயா சொன்ன இலக்கணத்தோடு தொழில்வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. எங்கள் துறையில் ஒரு சரக்கை எக்ஸ்பிடைட் செய்யச் சொன்னால், கூடுதல் பணம் கொடுத்து வேகமான வழிக்கு மாற்றச் சொல்வதாகத்தான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். அனுப்பியவர் கெட்ட எண்ணத்தில் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கட்டணத்தைச் சொல்லி ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும்.

தொகை ஏன் அவ்வளவு பெரிதானது என்பதையும் மேலாளரிடம் விளக்கலாம். விமானச் சரக்கில் உண்மை எடை, கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுப்பது வழக்கம். உங்கள் பெட்டி 1,50,000 கன சென்டிமீட்டர். வகுத்தால் 25 கிலோ. எட்டுப் பெட்டிகளின் உண்மை எடை 72 கிலோதான் என்றாலும், நீங்கள் கட்டியது 200 கிலோவுக்கு. தட்டுகளைப் போன்ற இலேசான, இடத்தை அடைக்கும் பொருளை விமானத்தில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். இனி இச்சொல்லை எழுதும்போதெல்லாம், அனுப்பும் முறை மாறக் கூடாது என்றும், எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளாத கூடுதல் கட்டணத்தை ஏற்க மாட்டோம் என்றும் அதே கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.

கோலாலம்பூர், அலுவலகச் செயலாளர்:

இந்தப் பிழையின் ஊற்று மலாய்க் கடிதங்களில் இருக்கிறது என்பது என் கருத்து. ‘மொஹோன் டிப்பெர்செபாட்கான்’ (விரைவுபடுத்தப்பட வேண்டுகிறோம்) என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம். அது செயப்பாட்டு வினை. எது விரைவுபட வேண்டும் என்பது முன்வரியிலிருந்தே புரிந்துவிடும். அதையே ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ் எக்ஸ்பிடைட்’ என்று சுருக்கும்போது செயப்படுபொருள் விழுந்துவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

மேலும், மேலதிகாரிக்கோ அரசு அலுவலகத்துக்கோ இரண்டே சொல்லில் அப்படி எழுதினால், அது வேண்டுகோளாக இல்லாமல் கட்டளையாக ஒலிக்கிறது. ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் எக்ஸ்பிடைட்’ என்று தொடங்கி, வேலையின் பெயரையும் காரணத்தையும் சொல்வது நல்லது.

பாயான் லெப்பாஸ் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த ஆர்டருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ‘குட் யூ ப்ளீஸ் எக்ஸ்பிடைட் தி இஷ்யூயன்ஸ் ஆஃப் ஃபார்ம் இ அண்டில் ஃப்ரைடே? தி கூட்ஸ் மஸ்ட் ஸ்டில் கம் பை சீ. வீ வில் நாட் அக்செப்ட் எனி எக்ஸ்ட்ரா சார்ஜ் வித்தவுட் அவர் ரிட்டன் அப்ரூவல்.’ இது சரிதானா ஐயா?

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள் அம்மா. ‘அண்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிவரை அந்த வேலையைச் செய்துகொண்டே இருங்கள் என்று பொருள்படும். வெள்ளிக்குள் முடிய வேண்டும் என்பதற்கு ‘பை ஃப்ரைடே’. மற்றவை எல்லாம் சரியாக உள்ளன, தயங்காமல் அனுப்புங்கள்.