48 – 0 – 8: சவூதி எதிர்த்ததா, ஒதுங்கியதா?

மேலவீதி மணியன்:
நேற்று டிசம்பர் 10. மனித உரிமை நாள் வாழ்த்துக்குக் கீழே சாய்வுநாற்காலி ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார்: "1948ல் முஸ்லிம் நாடுகள் எல்லாம் மனித உரிமைப் பிரகடனத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டன." படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அன்றைக்கு ஐ.நா.வில் மொத்தமே 58 நாடுகள். பாரிஸில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 48, எதிர்ப்பு பூஜ்யம், எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது 8. எகிப்து, சிரியா, இராக், ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாம் ஆதரவு. ஏமன் வாக்கெடுப்பிலேயே இல்லை. ஒதுங்கிய முஸ்லிம் நாடு சவூதி ஒன்றே ஒன்று. எதிர்த்து விழுந்த ஓட்டு எங்கே ஐயா?

சாய்வுநாற்காலி:
மணியன் சார், ஒதுங்கினவன் எதிர்த்தவன்தான். பத்திரிகை வச்சும் கல்யாணத்துக்கு வராத பங்காளி என்ன, மொய் அனுப்பிட்டானா? சவூதிக்கு 16ஆவது பிரிவு பிடிக்கலை, அது திருமண உரிமை. 18ஆவது பிரிவு அறவே பிடிக்கலை, அது மதம் மாறுற உரிமை. விஷயம் அது. நீங்க கணக்கு வாத்தியார் வேலை பாக்கறீங்க.

தோப்புத்துறை:
"எல்லாம்"னு எழுதினது நீங்க. இப்ப சவூதி மட்டும்னு சத்தமில்லாம சுருக்கியாச்சு. சரி, அந்த 8ல மிச்சம் 7 யாரு? ஆறு கம்யூனிஸ்ட் நாடுங்க, ஒண்ணு தென்னாப்பிரிக்கா. அங்க அப்போ பிரதமர் மலான், முன்னாள் போதகர். நிறவெறிக்கு வேதம் படிச்ச மனுஷன். அவரு ஒதுங்கினதை மட்டும் ஏன் எண்ண மறந்துட்டீங்க?

வெட்டிப்பேச்சு:
சின்ன சந்தேகம். உரிமைன்னா என்னன்னு யாராவது சொல்லிட்டு அடிச்சுக்கலாமே? சாமி கொடுக்கறதா, சர்க்கார் கொடுக்கறதா, பொறக்கும்போதே கூட வர்றதா?

மேலவீதி மணியன்:
வெட்டி, அது பிறகு. முதலில் இந்த 8 தீரட்டும். ஒதுங்குவது வேறு, எதிர்ப்பது வேறு. தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் இதையும் கேளுங்கள். 18ஆவது பிரிவுக்கு ஆதரவாக அந்தச் சபையில் எழுந்து பேசியவர் பாகிஸ்தானின் ஜஃபருல்லா கான். குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டியே பேசினார். சவூதி சார்பில் வாதாடிய ஜமீல் பாரூதி யார் தெரியுமா? லெபனானில் பிறந்த கிறிஸ்தவர்! சாய்வுநாற்காலி நாற்காலியிலிருந்து விழாமல் இருக்கட்டும்.

சாய்வுநாற்காலி:
பாரூதி சம்பளத்துக்குப் பேசினாரு. உங்க ஜஃபருல்லா கான் அஹ்மதியா பிரிவுக்காரர். 1974ல் அதே பாகிஸ்தான் அவங்களை முஸ்லிமே இல்லைன்னு சட்டம் போட்டுச்சு. நல்ல சாட்சி புடிச்சீங்க! அப்புறம் ஐ.நா.வின் 1966 குடியியல், அரசியல் உரிமை உடன்படிக்கையில அதே 18ஆவது பிரிவைத் தேடிப் பாருங்க. மதத்தை "மாற்றிக்கொள்ளும்"ங்கிற சொல்லையே காணோம். முஸ்லிம் நாடுகள் தனியா போட்ட 1990 கெய்ரோ மனித உரிமைப் பிரகடனம் 24ஆவது பிரிவு, எல்லா உரிமையும் ஷரியாவுக்கு உட்பட்டதுன்னு பச்சையா சொல்லுது. இது எல்லாம் ஒதுங்கலா, எதிர்ப்பா?

தோப்புத்துறை:
கெய்ரோவை நான் தூக்கிப் பிடிக்கலை. ஆனா அண்ணன் கத்தோலிக்கர்தானே? 1864ல் போப் ஒன்பதாம் பயஸ் போட்ட பிழைப் பட்டியலை வீட்டில தேடிப் பாருங்க. மதச் சுதந்திரமும் அதுல ஒரு பிழை. உங்க திருச்சபை அதை முறைப்படி ஏத்துக்கிட்டது 1965ல, பிரகடனம் வந்து 17 வருஷம் கழிச்சு.

சாய்வுநாற்காலி:
என் வீட்டுக்குள்ள எதுக்கு வர்றீங்க? வத்திக்கானுக்கு ஐ.நா.வில ஓட்டே கிடையாது. ஓட்டு இருந்தவங்களைப் பத்தித்தான் பேச்சு.

கோமதி மதுரை:
மூணு ஆம்பளைங்களும் ஒரு பொம்பளை பேரைக்கூட சொல்லலையே. முதல் பிரிவில "ஆண்கள் எல்லாரும்"னு இருந்த வரியை "மனிதர்கள் எல்லாரும்"னு மாத்த வச்சது இந்தியா சார்பில போன நம்ம ஹன்சா மேத்தா. அவங்க அப்படி நிக்கலைன்னா...

மேலவீதி மணியன்:
நல்ல தகவல் அம்மா, ஆனால் ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலே போகிறேன். 48–0–8. மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

கோமதி மதுரை:
சம்பந்தமில்லையா! சரிங்க வாத்தியார். எதுக்கும் ஒரு பிரம்பு வாங்கி வச்சுக்கங்க.

சாய்வுநாற்காலி:
முதல் பிரிவுன்னு சொன்னதால கேக்கறேன். மனிதன் கடவுளின் சாயல்ல படைக்கப்பட்டவன்னு சேர்க்கச் சொல்லி பிரேசில் கேட்டுது. சீனப் பிரதிநிதி பி.சி. சாங், எங்க நாட்டு மரபு வேறன்னு தடுத்துட்டாரு. கடவுளை வெளியே நிறுத்தினா உரிமையை யார் கொடுத்தது?

வெட்டிப்பேச்சு:
அதைத்தானே நான் மொதல்லயே கேட்டேன்!

மேலவீதி மணியன்:
சாய்வுநாற்காலி, இதே கேள்வியோடுதான் 2019ல் அமெரிக்காவில் அன்றைய வெளியுறவு அமைச்சர் பாம்பியோ ஒரு குழு போட்டார். அது சொத்துரிமையையும் மதச் சுதந்திரத்தையும் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போனது. உங்களுக்கும் அவருக்கும் ஒரே ஜாதகம். 1966 பற்றி நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். பேச்சு 1948 பற்றி. போன பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுத் தடைத் தீர்ப்பு 2014 என்று நான் சொல்ல, 2017 என்று இரண்டு நாள் நின்றவர்தானே நீங்கள்?

சாய்வுநாற்காலி:
அது தட்டச்சுப் பிழைன்னு அப்பவே சொன்னேன்.

தோப்புத்துறை:
ரெண்டு நாளா, பதினேழு பின்னூட்டத்துலயும் தட்டச்சுப் பிழையா?

சாய்வுநாற்காலி:
ஒதுங்கினவன் எதிர்த்தவன்தான். இதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லலை.

மேலவீதி மணியன்:
சொல்லியாச்சு. எதிர்ப்பு: பூஜ்யம். வேண்டுமானால் பெரிய எழுத்தில் போடுகிறேன். நாளைக்கு அந்த 8 நாட்டின் பெயரையும் வரிசையாக இடுகிறேன், யாரும் இழையைப் பூட்டிவிடாதீர்கள்.